பல்லில் கறை: பிள்ளையின் குற்றமா, கிணற்றின் குற்றமா?

2019 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஒரு நாள், கல்முனைக்கு மேற்கே வட்டைக்காணிகளைத் தாண்டியுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் சிறு சேமிப்புக் குழுவினரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். 1990 ஆம் ஆண்டில் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்து, இருபது வருடங்கள் கரையோரத்தில் உறவினர் வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் காலந்தள்ளி, 2010 இல் தங்கள் காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் அவை. கூட்டம் முடிந்து எழுந்தபோது ஒரு தாய் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். திண்ணையில் எட்டு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கேட்டோம். வலது கையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எப்பவும் இப்படித்தான் பாதர். கைய எடுக்க மாட்டா. பள்ளிக்கூடத்தில வெத்திலை போடுற புள்ளை எண்டு பகிடி பண்றாங்க. எட்டு வயசுப் புள்ளைக்கு வெத்திலைய என்ன தெரியும்? உமிக்கரி போட்டுத் தேய்ச்சம், செங்கல் தூள் போட்டுத் தேய்ச்சம், முரசு கிழிஞ்சதுதான் மிச்சம். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பார்க்க வந்தா என்ன சொல்லுவன்?"

மெதுவாகப் பேச்சுக் கொடுத்த பின் பிள்ளை வாயைக் காட்டினாள். முளைத்து ஓராண்டு கூட ஆகாத மேல் முன்பற்கள். அவற்றில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைத் திட்டுகள். நடுவே தேயிலைச் சாயம் போல் குறுக்கே ஓடும் கபிலக் கோடு. இடப்பக்கத்தில் எப்படியோ வலப்பக்கத்திலும் அப்படியே.

அந்த நேரம் மூத்த மகன் மண்வெட்டியோடு வளவுக்குள் வந்தான். பதினாறு வயது. சிரித்தான். பற்கள் முத்துப்போல் வெள்ளை. அதே தாய், அதே தகப்பன், அதே சோறு. ஒரே ஒரு வேறுபாடுதான் இருந்தது. அவன் 2003 இல் கரையோரத்தில் பிறந்து ஏழு வயது வரை அங்கே தண்ணீர் குடித்தவன். தங்கையோ திரும்பி வந்த பின் பிறந்து, வீட்டு முற்றத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள்.

தாயின் மடியில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இந்தக் கட்டுரையை எழுதுவது அந்த மூன்றாவது பிள்ளைக்காகவும், அதைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்காகவுமே.

இது அழுக்கல்ல, சாபமுமல்ல

இந்தக் கறைக்கு வைத்தியர்கள் 'பற் புளோரோசிஸ்' என்று பெயர் சொல்கிறார்கள். குடிக்கும் தண்ணீரில் புளோரைட்டு என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சி இருப்பதே காரணம். அது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் பிடிபடாது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சிலவேளை மிகவும் சுவையாகக்கூட இருக்கும்.

பல்லின் வெளிப்பூச்சை மிளிரி என்கிறோம். நம் உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. ஆனால் அந்த மிளிரி உருவாவது பல் முளைக்கும்போதல்ல. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, முரசுக்கு உள்ளே, தாடை எலும்பின் மறைவில். ஆறு ஏழு வயதில் முளைக்கும் முன்பல்லுக்கு மிளிரி கட்டும் வேலை, பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த வேலை நடக்கும் காலத்தில் இரத்தத்தில் புளோரைட்டு மிகுந்திருந்தால் மிளிரி இறுகி முற்றாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. சீமெந்து பூசும்போது கலவை பிழைத்தால் சுவர் உறிஞ்சிக்கொண்டே இருக்குமல்லவா? அதுபோல, முளைத்த பிறகு அந்தத் துளைகள் உணவின் நிறத்தையும் தேநீரின் நிறத்தையும் உறிஞ்சுகின்றன. முதலில் வெள்ளையாகத் தெரிந்த திட்டு, வருடங்கள் செல்லச் செல்ல மஞ்சளாகிக் கபில நிறமாகிறது. மிகக் கடுமையான நிலையில் பல்லில் குழிகள் விழுந்து, ஓரம் உடையவும் கூடும்.

ஆகவே நான்கு விடயங்களை நாம் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். பல் துலக்காததால் இது வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. பரம்பரை நோயுமல்ல, இந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, நல்ல தண்ணீர் கிடைத்தால், வெள்ளைப் பல்தான் முளைக்கும். நான்காவது, தேய்ப்பதால் இது போகாது. கறை பல்லின் மேலே படிந்தது அல்ல, பல்லோடு பிறந்தது. செங்கல் தூளும் மணலும் கரியும் மிச்சமிருக்கும் நல்ல மிளிரியையும் உரித்துவிடும். தேசிக்காய்ச் சாறும் அப்படியே.

ஆபத்தான காலம் பிறப்பு முதல் எட்டு வயது வரை. அதிலும் மேல் முன்பற்களுக்கு மிக நுட்பமான காலம் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரை. எட்டு வயதுக்குப் பின் எவ்வளவு புளோரைட்டுத் தண்ணீர் குடித்தாலும் முன்பல்லில் புதிதாகக் கறை உண்டாகாது. மூத்த மகன் தப்பியதன் காரணம் இதுதான். பாற்பற்களில் கறை அவ்வளவாகத் தெரிவதில்லை. அவற்றின் பெரும்பகுதி தாயின் கருவிலும் தாய்ப்பால் குடிக்கும் காலத்திலும் உருவாகிவிடுகிறது. அதனால்தான் பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை பெற்றோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது.

எல்லாக் கறையும் ஒரே கறையல்ல

வெற்றிலைக் கறை முரசை அண்டியும் பல்லின் உட்புறத்திலும் படியும். பல் வைத்தியர் சுரண்டினால் போய்விடும். இரும்புச் சத்து மருந்தை நேரடியாகப் பல்லில் படக் கொடுத்தால் கறுப்பு நிறம் ஒட்டும். அதுவும் துப்புரவாக்கக் கூடியதே. பற்சூத்தை ஓரிரு பற்களில் குழியாக விழும், வலிக்கும். கர்ப்பகாலத்திலோ எட்டு வயதுக்கு முன்போ 'டெட்ராசைக்கிளின்' வகை மருந்து கொடுக்கப்பட்டால் பல் முழுவதும் சாம்பல் அல்லது மஞ்சள் பட்டையாக நிறம் மாறும்; வைத்தியரின் துண்டின்றிக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். புளோரைட்டுக் கறையோ இடமும் வலமும் சோடியாக வரும், குறுக்குக் கோடாகவோ மேகம் போலவோ தெரியும், வலிக்காது. ஒரே கிணற்றில் குடித்து வளர்ந்த பல பிள்ளைகளிடம் ஒன்றாகக் காணப்படும். தெருவில் உள்ள பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னால், எந்தக் கிணறு குற்றவாளி என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

வெற்றிலை பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கறை அழகை மட்டும் கெடுப்பதல்ல. பாக்கோடு சேர்ந்த வெற்றிலைக் கூட்டு, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. 2016 இல் அரசு மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்ததும் இதனால்தான். வயல் வேலைக்குப் போகும் எங்கள் உழவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

அம்மைமார் கண்டுபிடித்த உண்மை

இந்த நோயின் வரலாறு எளிய மக்களின் வரலாறுதான். 1901 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்த பிரெடெரிக் மக்கே என்ற இளம் பல் வைத்தியர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் கபிலக் கறையைக் கண்டு திகைத்தார். ஏறக்குறைய முப்பது வருடங்கள் காரணத்தைத் தேடினார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தார்; அது என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்றொரு சிற்றூர். தூரத்தில் இருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்டார்கள். அதன் பிறகு பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியதைத் தாய்மார் கவனித்துச் சொன்னார்கள். மக்கே அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுமாறு ஆலோசனை கூறினார். ஊர் மக்கள் கேட்டார்கள். சில வருடங்களில் அடுத்து வந்த பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணம் புளோரைட்டுத்தான் என்று சேர்ச்சில் என்ற இரசாயனவியலாளர் நிறுவியது 1931 இல். அதாவது, இரசாயனத்தின் பெயர் தெரியும் முன்பே, தாய்மாரின் கண்ணும் ஊரின் ஒற்றுமையும் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டன.

நம் அயலிலும் இது புதிதல்ல. 1937 இல், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், இதன் கொடிய வடிவத்தை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அங்கே தண்ணீரில் புளோரைட்டு மிக அதிகம். பல்லோடு நில்லாமல் எலும்புக்கும் சென்று, முதுகு விறைத்துக் குனியவும் நிமிரவும் முடியாமல் போனவர்கள் அங்கே இருந்தார்கள். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நெடுங்காலம் இந்தத் துன்பத்தைச் சுமந்தன. ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் அங்கே தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்ற சொல்லும் இருக்கிறது.

கரையில் இல்லை, உள்ளே இருக்கிறது

ஏன் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் இந்தக் கறையை நாம் அவ்வளவாகக் காண்பதில்லை? கரையோரக் கிணறுகள் மணலில் தோண்டப்பட்டவை. மழைநீர் மணலில் இறங்கி, அதிக காலம் தங்காமல் நம் வாளிக்கு வந்துவிடுகிறது. அங்கே பிரச்சினை உவர்ப்பும், மலசலகூடக் குழிகளின் நெருக்கமும். இப்போது கரையோரப் பட்டினங்கள் பலவற்றுக்கு அம்பாறை கொண்டவட்டுவான் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழி வருகிறது. குளத்து நீர் மேற்பரப்பு நீர். அதில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு.

மேற்கே வட்டைகளைத் தாண்டிப் போனால் நிலத்தின் அடி மாறுகிறது. மணல் முடிந்து கரும்பாறை தொடங்குகிறது. மிகப் பழைமையான அந்தப் பாறைகளில் கருமைக்கா, அபடைட்டு போன்ற கனியங்கள் உண்டு; அவற்றில் புளோரைட்டு இருக்கிறது. பாறை வெடிப்புகளில் தண்ணீர் மெதுவாக, பல வருடங்கள் தேங்கி ஊர்வதால் அது கரைந்து சேர்கிறது. மலைநாட்டிலும் தென்மேற்கிலும் கொட்டும் மழை அதைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோகிறது. உலர் வலயத்தில் மழை சில மாதங்களே, வெயில் நெடுங்காலம், நீர் ஆவியாகி உப்பு மிஞ்சுகிறது. ஆகவே அநுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலை, அம்பாறை, அம்பாந்தோட்டை என உலர் வலய மாவட்டங்கள் பலவற்றின் நிலத்தடி நீரில் புளோரைட்டு உயர்ந்து காணப்படுகிறது. பேராசிரியர் திசாநாயக்கவும் அவருடன் சேர்ந்தோரும் 1980களிலேயே நாட்டின் நிலத்தடி நீரைப் படமாக வரைந்து இதைக் காட்டினார்கள்.

இங்கேதான் இடம்பெயர்ந்தோரின் கதை வந்து சேர்கிறது. 1990 இலும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் போதும், பிறகு மீள்குடியேற்றத்தின் போதும் எங்கள் மக்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவசர காலத்தில் உதவி நிறுவனங்கள் குழாய்க்கிணறு அடித்தன, நாங்களும் அடித்தோம். கிருமி இல்லாத தண்ணீர் வேண்டும், வாந்திபேதி வரக்கூடாது என்பதே அன்றைய கவலை. அது நியாயமான கவலை. ஆனால் ஆழத்துக்குப் போகப் போகப் பாறைநீர் வருகிறது என்பதையும், அதைப் பரிசோதித்த பின்பே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் எல்லா இடத்திலும் நினைத்தோம் என்று சொல்ல முடியாது. அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது எங்கள் கவலையீனமும்தான். இதை மனம் வருந்தி இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

புளோரைட்டு நஞ்சு மட்டுமல்ல. சிறிதளவு பல்லைச் சூத்தையிலிருந்து காக்கிறது. பற்பசையில் அதைச் சேர்ப்பது அதற்காகவே. உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றர் நீரில் 1.5 மில்லிகிராமை மேல் எல்லையாக வழிகாட்டுகிறது. அத்துடன், ஒவ்வொரு நாடும் தன் மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தன் எல்லையை வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கையின் குடிநீர்த் தரம் 2013 முதல் 1.0 மில்லிகிராமை எல்லையாகக் கொண்டுள்ளது.

ஏன் குறைவு? கணக்கைப் பாருங்கள். குளிர்நாட்டவர் ஒருவர் நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பார். சித்திரை வெயிலில் வயலில் நிற்பவர் ஐந்து லீற்றர் குடிப்பார். லீற்றருக்கு 2 மில்லிகிராம் உள்ள கிணறானால் முன்னவருக்கு 4 மில்லிகிராம், பின்னவருக்கு 10 மில்லிகிராம். வெயிலில் விளையாடும் பிள்ளைக்கும் இதே கணக்குத்தான். சோறு வடிக்கும் தண்ணீரும் தேநீரும் இதற்கு மேல். தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை இழுத்து இலையில் சேர்ப்பது. கிணற்றில் உள்ளதோடு தேயிலையில் உள்ளதும் சேர்ந்தால் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும் பிளேன்டீ இரட்டைச் சுமையாகிறது.

இன்னொரு முக்கியமான உண்மை: கொதிக்க வைப்பதால் புளோரைட்டுப் போகாது. கிருமி சாகும், ஆனால் நீர் வற்ற வற்ற உப்பு செறிவாகும். இரண்டு லீற்றர் ஒரு லீற்றராக வற்றினால் அதன் அளவு இரட்டிப்பாகிவிடும். சீலையில் வடிப்பதாலும், மண்பானையில் வைப்பதாலும், குளோரின் போடுவதாலும் அது குறையாது.

குடும்பமாகச் செய்யக்கூடியவை

முதலாவது, கிணற்றைப் பரிசோதியுங்கள். ஒரு வளவுக் கிணறு நல்லதாக இருக்க, அடுத்த வளவுக் கிணறு கெட்டதாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நன்கு கழுவிய பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் எடுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம், புளோரைட்டு கண்ணாடியோடு சேரக்கூடியது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தனித்தனியாகப் போவதை விடக் கிராம அபிவிருத்திச் சங்கம் பத்துக் கிணறுகளின் தண்ணீரை ஒன்றாகக் கொண்டுபோனால் செலவும் அலைச்சலும் குறையும். முடிவை மறைக்காமல் கிணற்றுக் கட்டில் பெயின்றால் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, எல்லாத் தண்ணீரையும் மாற்ற வேண்டியதில்லை. குளிக்கவும் துவைக்கவும் தோட்டத்துக்கும் குழாய்க்கிணறு போதும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் தேடுங்கள். அதுவும் முடியாவிட்டால் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமாவது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஊரின் நல்ல கிணற்றில் முதல் உரிமை என்று சங்கம் தீர்மானம் எடுக்கலாம். கல்லோயாத் திட்ட வாய்க்கால்களுக்கும் குளங்களுக்கும் அண்மையில் உள்ள ஆழமற்ற கட்டுக்கிணறுகளில் பெரும்பாலும் புளோரைட்டுக் குறைவு. ஆனால் அங்கே கிருமியும் விவசாய நஞ்சும் கலக்க வாய்ப்புண்டு. ஆகவே கட்டு உயர்த்தி, மூடி போட்டு, கொதிக்க வைத்து ஆறவைத்தே குடிக்க வேண்டும்.

மூன்றாவது, மழைநீர். வானத்திலிருந்து விழும் நீரில் புளோரைட்டு இல்லை என்றே சொல்லலாம். நீளமும் அகலமும் சேர்ந்து 40 சதுர மீற்றர் கொண்ட ஓட்டுக் கூரையில் 160 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்துவதும் ஆவியாவதும் போக, 5,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். நம் பகுதியில் கார்த்திகை, மார்கழி மழை இதற்குப் போதும். ஒரு குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் 5,000 லீற்றர் 200 நாட்களுக்கு வரும். வைகாசி முதல் புரட்டாதி வரையான வறட்சியைத் தாண்டிவிடலாம். பிள்ளைக்கு மட்டும் என்றால் வருடம் முழுதும் போதும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விடுங்கள். கூரையைத் துப்புரவாக்குங்கள். தாங்கியின் வாய்க்கு நுண்வலை கட்டாவிட்டால் டெங்கு நுளம்பு குடிபுகும். குடிக்குமுன் கொதிக்க வையுங்கள்.

நான்காவது, வடிகட்டல். நீர் வழங்கல் சபையைச் சேர்ந்த பத்மசிறியும் பேராசிரியர் திசாநாயக்கவும் 1990களில் எளிய வடிகட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். மிதமாகச் சுட்ட புதுச் செங்கல்லை உடைத்த துண்டுகளின் ஊடாகத் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறவிடுவதே அதன் முறை. செங்கல்லில் உள்ள அலுமினியமும் இரும்பும் புளோரைட்டைப் பிடித்துக்கொள்கின்றன. சில மாதங்களில் செங்கல் நிரம்பிவிடும். மாற்றாவிட்டால் வடிகட்டி வெறும் அலங்காரப் பொருளாகிவிடும். கென்யா நாட்டில் நக்குறு கத்தோலிக்க மறைமாவட்டம் 1990களின் இறுதியிலிருந்து மாட்டெலும்புக் கரியைக் கொண்டு இதே பணியைச் செய்து வந்தது. நல்ல முறைதான். ஆனால் நம் பகுதியில் எலும்பு எங்கிருந்து வந்தது, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி முஸ்லிம் குடும்பங்களுக்கு உண்டு. மாட்டெலும்பு என்றாலே இந்துக் குடும்பங்களுக்கு மனத்தடை உண்டு. மக்களின் மனச்சாட்சியை மிதித்துக்கொண்டு எந்த அபிவிருத்தியும் நிலைக்காது. எனவே இங்கே செங்கல்லும் மழையுமே எங்கள் தெரிவு. சிறுநீரக நோயின் அச்சத்தால் உலர் வலயக் கிராமங்கள் பலவற்றில் நிறுவப்பட்ட 'ஆர்.ஓ.' இயந்திரங்களும் புளோரைட்டை நன்கு நீக்குகின்றன. அருகில் இருந்தால் குழந்தைக்கு அந்தத் தண்ணீரை வாங்கலாம். ஆனால் அதன் வடிசவ்வு உரிய காலத்தில் மாற்றப்படுகிறதா என்று சங்கம் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, உணவு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தாய் புளோரைட்டுத் தண்ணீர் குடித்தாலும் தாய்ப்பாலில் மிகச் சிறிதே சேர்கிறது. இறைவன் அமைத்த வடிகட்டி அது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பின்னர் பால், தயிர், முள்ளோடு சாப்பிடக்கூடிய சின்ன மீன், கீரை வகை கொடுங்கள். இவற்றில் உள்ள கல்சியம் குடலில் புளோரைட்டு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. சின்னப் பிள்ளைக்குப் பிளேன்டீ வேண்டாம். பற்பசை மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். மிஸ்வாக் குச்சியால் துலக்குவது நம் முஸ்லிம் சகோதரர்களின் அருமையான வழக்கம். 1987 இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஊக்குவித்தது. அதை விட்டுவிட வேண்டாம்.

கறை வந்துவிட்ட பிள்ளைக்கு?

கைவிட வேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மேற்பரப்பை நுண்ணியதாக மெருகேற்றலாம், நிறம் வெளுக்கச் செய்யலாம், பல் நிறப் பசையால் மூடலாம். எது எப்போது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். கடையில் விற்கும் வெளுப்புப் பசைகளில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அதைவிட முக்கியமான மருந்து நம் நாக்கில் இருக்கிறது. பிள்ளையைப் பகிடி பண்ணாதிருக்க ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பாடநேரம் இதை விளக்கட்டும். பள்ளிவாசலில் மௌலவிமாரும், கோவிலிலும் தேவாலயத்திலும் பொறுப்பானவர்களும் ஒரு வார்த்தை சொல்லட்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் பல்லை எண்ணாமல் பிள்ளையைப் பார்க்கட்டும். தண்ணீர் செய்த குற்றத்துக்கு ஒரு பெண்பிள்ளை வாழ்நாள் முழுதும் வாயை மூடிக்கொண்டு தண்டனை அனுபவிப்பது அநீதி.

மூன்றாவது பிள்ளை

அந்த முற்றத்துக் கிணற்று நீரைப் பரிசோதித்தோம். நாட்டின் எல்லையைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. வாய்க்காலோரக் கட்டுக்கிணற்றில் எல்லைக்குள் இருந்தது. ஆனால் அது அரை மைல் தூரம். "வயலும் வீடும் பார்க்கிற எனக்கு அரை மைல் நடக்கேலுமா பாதர்?" என்று தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது நாங்களல்ல, வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைதான். "நான் சைக்கிள்ல எடுத்து வாறன் உம்மா, தம்பிக்கு மட்டும்" என்றாள். முதல் தடவையாகக் கையை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

இரண்டு வருடங்கள் நாள்தோறும் ஒரு கான் தண்ணீர். தகப்பன் அறுவடைக் காசில் சீமெந்து வாங்க, சங்கம் கைகொடுக்க, மழைநீர்த் தாங்கி பின்னர் வந்தது. 2025 இல் அந்தத் தம்பிக்கு மேல் முன்பற்கள் இரண்டும் முளைத்தன. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிகிறது. எட்ட நின்றால் தெரியாது. பல் வைத்தியர் பார்த்துவிட்டு, அது மிக இலேசானது, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார்.

பாலைவனத்தில் குழந்தையின் தாகத்துக்காக ஓடிய ஒரு தாயை நாம் எல்லோரும் அறிவோம். எங்கள் வேதாகமம் அவரை ஆகார் என்கிறது. முஸ்லிம் மக்கள் ஹாஜரா அம்மையார் என்று போற்றுகிறார்கள். தண்ணீர் தேடி ஓடியவரின் ஓட்டம் வீண்போகவில்லை என்பதே அந்த வரலாறு நமக்குச் சொல்வது. இருப்பிடத்தை இழந்தவர்கள் நாம். காணியை, மாட்டை, உறவை இழந்தவர்கள். நம் பிள்ளைகளின் சிரிப்பையும் இழக்க வேண்டாம். இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: நம் கிணற்றுக் கட்டில் எழுத வேண்டிய எண் என்ன?

மறவாதிருக்க:

பற் கறை தேய்த்துப் போகாது. தண்ணீரை மாற்றினால் அடுத்த பிள்ளைக்கு வராது.

பிறப்பு முதல் எட்டு வயது வரை கவனம். முதல் மூன்று வருடங்கள் மிகுந்த கவனம்.

ஒரு லீற்றரில் 1.0 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

கொதிக்க வைப்பது கிருமிக்கு மருந்து; புளோரைட்டுக்கு அல்ல.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். கெட்ட கிணற்று நீரில் பால்மா கரைக்க வேண்டாம்.

புதுக் குழாய்க்கிணறு யார் அடித்துத் தந்தாலும், பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிய பின்பே குடியுங்கள்.